ஆயிரம் பக்கம் போட்டால் ஆயிரம் ஆர்டர் வருமா?

எங்கள் ஊர்ப் பக்கத்தில் போர்வெல் போட்டுப் பணத்தை விடாத குடும்பம் அரிது. ஓரிடத்தில் ஆயிரம் அடி போகக் கையில் காசு இல்லாமல், காட்டின் நான்கு மூலையிலும் இருநூறு இருநூறு அடியாகத் துளைத்து நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரருக்கு அடிக்கணக்கில் கூலி வந்துவிட்டது. காட்டுக்காரருக்கு நான்கு குழியிலும் புழுதி.

சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், ஈரோட்டு மஞ்சள், திருப்பூர் பனியன் என்று இணையத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இப்போது இதே பாணியில் ஒரு வியாபாரம் வருகிறது. "உங்கள் கடைக்கு ஆயிரம் பக்கம் எழுதித் தருகிறோம், பக்கத்துக்கு இருபது ரூபாய். கூகுளில் யார் எதைத் தேடினாலும் உங்கள் கடைதான் வரும்." எழுதுவது இயந்திரம் என்பதால் விலை மலிவு. மலிவாக இருக்கிறதே என்றுதான் பலரும் இறங்குகிறார்கள். இறங்கியவர்களில் நானும் ஒருவன்.

முதல் தவறு: எழுத்துக் கூலியை மட்டும் செலவு என்று எழுதுவது

இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்தாலே மற்றவற்றில் பாதி தானே தெளிந்துவிடும். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் பேரேட்டில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

போர்வை விலை 900 ரூபாய். சரக்கு, வரி, பேக்கிங், கூரியர், பணம் வசூலிக்கும் கட்டணம் எல்லாம் போக 180 ரூபாய் நிற்கிறது. பத்து ஆர்டரில் இரண்டு திரும்பி வருகின்றன. கேஷ் ஆன் டெலிவரி அதிகம் உள்ள கடையில் இது நடக்கக்கூடியதுதான். திரும்பும் ஒவ்வொன்றுக்கும் போகவும் வரவும் 120 ரூபாய் கைவிட்டுப் போகிறது. நின்ற எட்டு ஆர்டருக்கு 1,440 ரூபாய், அதில் 240 கழிந்தால் 1,200. ஆக, ஓர் ஆர்டருக்குக் கையில் நிற்பது 120 ரூபாய்.

பக்கம் விற்பவரின் கணக்கு இப்படி: ஆயிரம் பக்கம், 20,000 ரூபாய். 167 ஆர்டர் வந்தால் போட்ட முதல் திரும்பிவிடும். கேட்பதற்கு இனிக்கிறது.

இப்போது விட்டுப்போனதைச் சேர்ப்போம். இயந்திரம் எழுதியதை சரக்கு தெரிந்த ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். அரை மணி நேரத்துக்கு 150 ரூபாய் என்று வைப்போம். படம் எடுத்து, அளவு சரிபார்த்து, கடையில் ஏற்ற 100. ஒரு வருடத்தில் விலை மாறும், நிறம் தீரும், நூல் விலை ஏறினால் எடையே மாறும். அதைத் திருத்திக்கொண்டிருக்க இன்னொரு 150. எழுத்துக் கூலியோடு சேர்த்தால் பக்கத்துக்கு 420 ரூபாய். ஆயிரம் பக்கத்துக்கு 4,20,000. ஒரு வருடத்தில் போட்ட முதல் திரும்ப 3,500 ஆர்டர் வேண்டும். நூறு பேர் வந்தால் ஒருவர் வாங்குகிறார் என்றால், மூன்றரை லட்சம் வருகை.

இதிலும் ஆயிரம் பக்கத்துக்கும் ஆள் வராது. நூறு பக்கத்துக்கு வருகிறது என்று தாராளமாக வைத்தாலும், அந்த நூறில் ஒவ்வொன்றுக்கும் தினமும் சுமார் பத்துப் பேர் வர வேண்டும். 'நாமக்கல்லில் நீல நிற அறுபதுக்குத் தொண்ணூறு போர்வை' என்று தினமும் பத்துப் பேர் தேடுவார்களா? மாதத்துக்கு ஒருவர் தேடினால் பெரிது.

திருத்தும் செலவும் பராமரிப்பும் வேண்டாம் என்று விட்டுவிட்டால் மலிவாகத்தானே முடியும் என்று கேட்கலாம். முடியும். அந்தச் செலவு வேறு தலைப்பில் வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஊர்ப் பெயரை மாற்றி மாற்றிப் போடுவது

2023-இல் என் மைத்துனர் கடைக்கு நானே இதைச் செய்தேன். எட்டு நிறம், நான்கு அளவு, இருபது ஊர்; பெருக்கினால் 640 பக்கம். ஒரே வாசகம். 'கரூரில் தரமான போர்வை தேடுகிறீர்களா?' என்பதில் கரூரை எடுத்துவிட்டு கோபி, கோபியை எடுத்துவிட்டு தாராபுரம். இத்தனைக்கும் கடை ஒன்றுதான், கிடங்கு ஒன்றுதான். எந்த ஊரிலிருந்து ஆர்டர் வந்தாலும் அதே கூரியர், அதே நாள் கணக்கு. தாராபுரத்துக்காரருக்கு அந்தப் பக்கத்தில் தாராபுரம் என்ற எழுத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

சில மாதம் கழித்து, தேடலில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தால், பெரும்பாலான பக்கங்களுக்கு எதிரே ஒரே குறிப்பு: வந்து பார்த்தாயிற்று, அட்டவணையில் ஏற்றவில்லை. அட்டவணையில் ஏறாத பக்கம் தேடலில் வரவே வராது. அத்தோடு போயிருந்தால் எழுதிய செலவோடு முடிந்திருக்கும். 2024 கோடையில் மைத்துனர் போனில் அழைத்தார். "மாப்பிள்ளை, கடைப் பெயரைப் போட்டுத் தேடினால்தான் நம் கடையே வருகிறது." முன்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பக்கங்களும் கீழே போயிருந்தன.

எங்கள் கடை இறங்கியதற்கு இதுதான் முழுக் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கூகுள் சொல்லாமல் செய்த காரியம் அல்ல இது. மெலிந்த பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் 'பாண்டா' மாற்றம் 2011-லேயே வந்தது. ஒரு தளத்தில் உதவாத பக்கங்கள் மிகுந்திருந்தால் அங்கேயுள்ள நல்ல பக்கங்களும் பின்தங்கக்கூடும் என்று 2022 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தார்கள். 2024 மார்ச்சில், தரவரிசையைப் பிடிப்பதற்காகவே மொத்த மொத்தமாகப் பக்கம் உற்பத்தி செய்வதைத் தனியொரு முறைகேடாகக் கொள்கையில் சேர்த்தார்கள். இயந்திரம் எழுதினாலும், ஆள் எழுதினாலும், இருவரும் சேர்ந்து எழுதினாலும் ஒன்றுதான் என்பது அதன் முக்கியமான வரி. ஊர்ப் பெயர் மாற்றும் பக்கங்கள் அதற்கும் முன்பிருந்தே தடுக்கப்பட்டவை. "இயந்திரம் எழுதியது தெரியாமல் மாற்றித் தருகிறோம்" என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்பவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் மறைக்கிற விஷயத்தை அங்கே யாரும் குற்றமாக வைக்கவில்லை.

நிறம், அளவு, விலை என்று வடிகட்டும் வசதி கடையில் இருந்தால், ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஓர் இணைய முகவரி தானாகவே உருவாகும். நீங்கள் எழுதாமலேயே ஆயிரக்கணக்கில் நகல் பக்கங்கள். கடையை அமைத்தவரிடம் ஒருமுறை கேட்டு அடைத்துவிடுங்கள். அரை நாள் வேலை.

சரக்கு தெரியாதவர் எழுதியதைப் படிக்காமல் போடுவது

மேலே சொன்ன 'வேறு தலைப்புச் செலவு' இதுதான்.

போர்வைப் பக்கம் ஒன்றில் 'நாற்பது கவுண்ட் நூல்' என்று நாங்கள் குறிப்பு கொடுத்திருந்தோம். இயந்திரம் அதை 'சதுர அங்குலத்துக்கு நாற்பது இழை' என்று விரித்து எழுதிவிட்டது. ஈரோட்டில் நூல் கடை வாசலில் நிற்கும் பையனுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். கவுண்ட் என்பது நூலின் சன்னம்: 840 கெஜம் கொண்ட சிட்டம் (நூல் கற்றை) ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கிறது என்ற எண். இருபதைவிட நாற்பது மெலிது. இழைக் கணக்கு என்பது ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையும் சேர்த்து எத்தனை இழை ஓடுகிறது என்பது. நாற்பது இழைதான் என்றால் அது போர்வை ஆகாது, காயம் கட்டும் துணி. பெங்களூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, "இது கொசுவலையா தம்பி?" என்று கேட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தை முதல்முறையாக முழுவதும் படித்தேன். கேட்டவர் ஒருவர். கேட்காமல் வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

இது வெட்கத்தோடு போயிற்று. மஞ்சள் விற்பவர் நிலைமை இன்னும் சிக்கல். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எழுத எவ்வளவோ நல்ல விஷயம் இருக்கிறது. இயந்திரமோ முதல் பத்தியிலேயே சர்க்கரை நோய் குணமாகும், புற்றுநோய் வராது என்று ஆரம்பித்துவிடுகிறது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரப்படுத்துவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகள் தடுக்கின்றன. கடைப் பக்கமும் விளம்பரம்தான். பக்கத்தை எழுதிக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் வராது. பாக்கெட்டில் உரிம எண் அச்சிட்டிருப்பவருக்கு வரும்.

பவானி ஜமக்காளத்துக்கும் இப்படித்தான். குழித்தறியில் தடித்த பருத்தி நூலில் நெய்வது. 2005-06 நிதியாண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் உண்டு. விசைத்தறி விரிப்பைப் 'பவானிக் கைத்தறி' என்று ஒரு பக்கம் சொன்னால், வாங்கியவர் திருப்பி அனுப்பும்போது கடைக்காரர் மறுக்க வழியில்லை. விவரித்தபடி பொருள் இல்லையென்றால் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது 2020-இன் மின்வணிக விதி. மேலே போட்ட கணக்கில் பத்துக்கு இரண்டு என்று வைத்த ரிட்டர்ன் மூன்றாகிவிட்டால், ஓர் ஆர்டருக்கு நிற்பது 120-இலிருந்து 90 ஆகிவிடும். பக்கத்துக்கு 150 ரூபாய் திருத்தக் கூலியை மிச்சம் பிடித்ததன் விலை இது.

தமிழ்ப் பக்கம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இயந்திரம் மொழிபெயர்த்த ஒரு கடையில் 'ராஜா அளவு இரட்டைப் படுக்கைத் தாள்' என்று இருந்தது. யாரும் இப்படித் தேட மாட்டார்கள். பெட்ஷீட் என்பார்கள், போர்வை என்பார்கள், வயதானவர்கள் துப்பட்டி என்பார்கள். கடைக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளைப் பத்து நாள் வரிசையாகப் படித்தால் எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரிந்துவிடும்.

வந்தவர்களை எண்ணிவிட்டு வரவை எண்ணாமல் இருப்பது

மாதக் கடைசியில், பக்கம் எழுதித் தந்த ஏஜென்சி ஒரு வரைபடம் அனுப்பும். கோடு மேலே போயிருக்கும். அதில் முதலில் கழிக்க வேண்டியது, கடைப் பெயரையே தட்டித் தேடி வந்தவர்களை. அவர்கள் ஏற்கெனவே உங்களை அறிந்தவர்கள். போன தீபாவளிக்கு வாங்கியவராக இருக்கலாம். புதுப் பக்கங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சர்ச் கன்சோலில் கடைப் பெயர் உள்ள தேடல்களை விலக்கிப் பார்க்க வசதி உண்டு. அது 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வாங்கவே வாய்ப்பில்லாத வருகை. 'பருத்தித் துணியில் எண்ணெய்க் கறை போக என்ன செய்வது' என்ற பக்கத்துக்கு நல்ல கூட்டம் வரும். கறை போனதும் போய்விடுவார்கள். அந்தக் கூட்டமும் இப்போது மெலிகிறது. கூகுள் தேடலின் உச்சியிலேயே இயந்திரம் சுருக்கி எழுதிய பதில் வரத் தொடங்கி, இந்தியாவில் அது 2024 ஆகஸ்டிலிருந்து பரவியது. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைத் திருப்பிச் சொல்லும் பக்கத்தை யாரும் கிளிக் செய்து திறக்க வேண்டிய தேவை குறைந்துகொண்டே வருகிறது.

மூன்று மாதம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுவதும் தவறுதான். பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்பது கூகுள் தரப்பே சொல்லிவந்த கால அளவு. அழிப்பதற்கு முன், எந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆர்டராவது வந்திருக்கிறது என்று பிரித்தெடுங்கள். நாங்கள் 640-இல் அப்படித் தேடியபோது 11 பக்கம் தேறியது. மீதியை எடுத்துவிட்டு, அவற்றுக்கு வந்தவர்களை அந்தந்த ரகத்தின் முதன்மைப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டோம்.

இப்போது மைத்துனர் கடையில் நாற்பது பக்கத்துக்குத் திட்டம். பக்கத்துக்கு 3,000 ரூபாய் வரை செலவாகிறது; மொத்தம் 1,20,000. அதே 120 ரூபாய்க் கணக்கில் ஒரு வருடத்தில் ஆயிரம் ஆர்டர் வேண்டும். பக்கத்துக்கு மாதம் இரண்டு. இதுவரை எழுதியதில் நன்றாக விற்பது ஒரு ஜமக்காளப் பக்கம். அதில் அலங்காரமாக ஒரு வரியும் இல்லை. கல்யாணப் பந்தியில் ஆறுக்கு ஒன்பதில் எத்தனை பேர் உட்காரலாம், மடித்தால் எவ்வளவு தடிமன், வாஷிங் மெஷினில் போடலாமா, முதல் துவைப்பில் சாயம் எவ்வளவு இறங்கும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டவற்றுக்கு, ஈரமான வெள்ளைத் துண்டால் தேய்த்துக் காட்டிய படத்தோடு பதில் இருக்கிறது. துண்டில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருப்பதும் அந்தப் படத்தில் தெரியும். அதை எடுத்துவிடலாம் என்று மைத்துனர் சொன்னார். வேண்டாம் என்றேன். சாயம் போகிறது என்று சொல்லி அந்த ரகம் திரும்பி வருவது அதற்குப் பிறகு குறைந்திருக்கிறது.