ஸ்வால்பார்டுக்கு எந்த மாதம் போகலாம்? முதல்முறை போகிறவர்களுக்கு

"ஆர்க்டிக் பார்க்க ஆசை, எப்போது போனால் குளிர் குறைவு?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். குளிரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அதற்குத் துணி இருக்கிறது. வெளிச்சத்துக்குத்தான் வழி இல்லை. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை எடுத்துக்கொண்டு, மாதத்தை எப்படி முடிவு செய்வது என்று பார்ப்போம். அங்குள்ள பெரிய ஊர் லாங்யியர்பியென், 78 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஓஸ்லோவிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய 3 மணி நேரம்.

படி 1: ஒரே ஒரு ஆசையைத் தேர்ந்தெடுங்கள்

நள்ளிரவுச் சூரியன் (நள்ளிரவிலும் மறையாத சூரியன்), துருவ ஒளி (இரவு வானத்தில் வண்ணத் திரைபோல ஆடும் அரோரா வெளிச்சம்) இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. வானம் இருண்டால்தான் துருவ ஒளி கண்ணுக்குத் தெரியும். சூரியன் மறையாத மாதங்களில் அது மேலே ஆடிக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. இரண்டில் எது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

படி 2: அந்த ஆசைக்கு வெளிச்சம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்

லாங்யியர்பியெனில் ஏப்ரல் 20 வாக்கில் இருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. அக்டோபர் கடைசியில் இருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அது உதிப்பதே இல்லை. இதிலும் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை நண்பகலும் நள்ளிரவும் ஒரே இருட்டுதான். பயமாகத் தோன்றும். ஆனால் பகல் 12 மணிக்கும் துருவ ஒளி தெரியக்கூடிய அபூர்வமான ஊர் இது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா அடிவானத்துக்குக் கீழே போகாமல் வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பனி மூடிய மலைகள் நீல நிறத்தில் தெரியும். துருவ ஒளி மங்கலாக இருந்தால் இந்த நிலா வெளிச்சம் அதை விழுங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துருவ ஒளி ஒன்றுதான் வேண்டும் என்றால் ஸ்வால்பார்ட் வரை ஏறவே வேண்டாம். தெற்கே நார்வேயின் பெருநிலப்பகுதியில் உள்ள டிரோம்சோ நகரம், இரவில் துருவ ஒளி அதிகம் தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கே போகலாம், செலவும் மிச்சம்.

படி 3: எதில் ஏறி ஊரைச் சுற்றப் போகிறீர்கள்?

இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஸ்வால்பார்டில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. பனி இருந்தால் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) அல்லது நாய் வண்டி, பனி உருகினால் படகு. ஸ்னோமொபைலுக்குப் பிப்ரவரி முதல் மே தொடக்கம் வரை நல்ல காலம். படகுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல் விலங்கு, பாறை முழுக்கக் கூடு கட்டும் கடற்பறவைகள், 1998-இல் கைவிடப்பட்ட சோவியத் சுரங்க ஊரான பிரமிடன் எல்லாவற்றையும் கடல் வழியாகப் பார்க்க ஜூலை வசதி. அப்போது வெப்பம் 5 முதல் 8 டிகிரி வரை இருக்கும்.

ஸ்னோமொபைல் காலத்துக்கும் படகுக் காலத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாதீர்கள். மே கடைசியில் பனி சொதசொதவென்று இளகிவிடும். சில ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் நுழைவுகளில்) கடல் இன்னும் உறைந்தே கிடக்கும். அக்டோபரில் பல படகுகள் நின்றிருக்கும், ஸ்னோமொபைலுக்குப் போதுமான பனி விழுந்திருக்காது. மலிவான டிக்கெட் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்!

பனிக்கரடியை நம்பி மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்த மாதமும் உறுதி இல்லை. 2025 முதல் 300 மீட்டருக்குள் நெருங்கவும் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை அதுவே 500 மீட்டர். ஊர் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி கூடவே வர வேண்டும்.

படி 4: இன்னும் குழப்பமா? மார்ச்சைப் பிடியுங்கள்

என் ஓட்டு மார்ச் முதல் பாதிக்கு. பகலும் உண்டு, இரவும் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் துருவ ஒளியும் உண்டு. நாளுக்கு 20 நிமிடம் போலப் பகல் நீண்டுகொண்டே போகும். பிப்ரவரியிலேயே சூரியன் வந்துவிட்டாலும் மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழுவது மார்ச் 8 வாக்கில்தான். அன்று பழைய மருத்துவமனையின் படிக்கட்டருகே ஊரே கூடி நின்று முதல் வெயிலை வரவேற்கும். குளிர் மைனஸ் 15 சாதாரணம், காற்று அடித்தால் இன்னும் உறைக்கும். உள்ளே பருத்தித் துணி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. கம்பளி போடுங்கள்.

படி 5: டிக்கெட்டுக்கு முன் விசா

ஸ்வால்பார்டுக்குத் தனி விசா கிடையாது. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்கு, வெளியே இருக்கிறது. அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு; திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விண்ணப்பத்திலேயே இரண்டு முறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். ஒருமுறை விசாவோடு போய்விட்டால் ஓஸ்லோவுக்குத் திரும்பும்போதுதான் சிக்கல் தெரியும்.

அப்புறம் பெட்டியில் ஒரு சின்னப் பொருள்: கோடைக்குக் கண்ணை மூடும் பட்டை, துருவ இரவுக்குத் தலையில் மாட்டும் டார்ச்.