குழந்தைகளே கண்கண்ட சாட்சிகளாக இருக்கும் கொலை வழக்கு: மேல்முறையீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் உயர் நீதிமன்றத்தில் என் வழக்கு அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தபோது, ஓர் இளம் வழக்கறிஞர் ஆயுள் தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டை வாதிட்டுக்கொண்டிருந்தார். மனைவியைக் கொன்றதாகக் கணவர் மீது வழக்கு. சம்பவத்தைக் கண்டவர்கள் அவர்களுடைய இரு குழந்தைகள் மட்டுமே. "குழந்தைகள் தாய்வழிப் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள், ஆகவே சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சிகள்" என்று அவர் மூன்று முறை சொன்னார். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் அது தெரிகிறது என்று நீதிபதி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு இதே இடத்தில் நின்று இதே கேள்விக்கு நானும் பதிலின்றி நின்றிருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன். கால வரம்பு, தண்டனை நிறுத்த மனு போன்றவற்றில் நேரும் பிழைகளை அலுவலகத்திலேயே திருத்திக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே எடுக்கவில்லை.

உறவினர் என்பதையே குறையாகச் சொல்வது

வீட்டுக்குள் நடந்த கொலைக்கு வீட்டில் இருந்தவர்கள்தான் சாட்சியாக வர முடியும். நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு நிரபராதியை மாட்டிவிடுவது பொதுவாக நடவாதது என்று தலிப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1953-இலேயே சொல்லிவிட்டது. தன் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொல்லும் குழந்தையைப் பொறுத்தவரை அந்தக் காரணம் இன்னும் வலுவானது, ஏனெனில் தாயை இழந்த குழந்தை அந்தச் சாட்சியத்தால் தந்தையையும் இழக்கிறது. வயதும் தடையல்ல. சாட்சியச் சட்டத்தின் 118-ஆவது பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நிற்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 124-ஆவது பிரிவும், கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுடன் பதில் சொல்ல முடிகிறதா என்பதை மட்டுமே கேட்கின்றன.

"சொல்லிக்கொடுத்த சாட்சி" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவது

வழக்கை இழக்க வைக்கும் தவறு இதுதான். இன்று அதைக் கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் இதில் இழப்பது வழக்கறிஞர் அல்ல.

குழந்தை பிறர் சொல்வதற்கு எளிதில் வசப்படும், ஆகவே அதன் சாட்சியத்தை மிகுந்த எச்சரிக்கையுடன் எடைபோட வேண்டும் என்று 1998-இல் பஞ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நம்பத்தக்கதாக இருந்தால் குழந்தையின் தனிச் சாட்சியத்தை மட்டுமே கொண்டு தண்டிக்கலாம் என்று 1997-இல் தத்து ராம்ராவ் சாகரே வழக்கில் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். எச்சரிக்கை என்பது நிராகரிப்பதற்கான விதி அல்ல. மத்தியப் பிரதேச அரசின் மேல்முறையீட்டில் பல்வீர் சிங் வழக்கில் 2025 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கியது. தாயைத் தந்தை கொன்றதைக் கண்ட ஏழு வயது மகளின் சாட்சியத்தை உயர் நீதிமன்றம் ஒதுக்கி விடுதலை அளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையை மீட்டது. சொல்லிக்கொடுத்தல் என்ற வாதத்தை அந்தத் தீர்ப்பு இரண்டாகப் பிரிக்கிறது: உண்மையோடு சிலவற்றைக் கூட்டிச் சொல்வது ஒன்று, முழுச் சாட்சியமுமே புனையப்பட்டது என்பது மற்றொன்று. முதலாவதற்கு முந்தைய வாக்குமூலத்தோடு முரண்பாட்டை முறைப்படி நிரூபிக்க வேண்டும். இரண்டாவதற்குச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பு இருந்ததையும், அது நடந்திருப்பதற்கான நியாயமான சாத்தியத்தையும் ஆவணத்திலிருந்து காட்ட வேண்டும். பாட்டி வீட்டில் வளர்வது வாய்ப்பை மட்டுமே காட்டுகிறது.

விசாரணை நீதிமன்றத்தில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தரப்புக் குறுக்கு விசாரணையின் கடைசி வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "என் பாட்டியும் போலீஸாரும் சொல்லிக்கொடுத்தபடி பொய்சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." இளம் வழக்கறிஞர்கள் இந்த வரியையே அடித்தளமாக எண்ணி மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதுகிறார்கள். மறுக்கப்பட்ட ஒரு கேள்வி சாட்சியம் ஆகாது. அதைவிட மோசமானது, புலன் விசாரணையின்போது 161-ஆவது பிரிவின் கீழ் காவல் துறை எழுதிக்கொண்ட சாட்சி வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக நீதிபதிகளுக்குப் படித்துக் காட்டுவது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162-ஆவது பிரிவும், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆவது பிரிவும் அதை அனுமதிப்பதில்லை. முரண்பாடு சாட்சியிடம் சுட்டிக்காட்டப்பட்டிருக்க வேண்டும்; சாட்சி மறுத்தால், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த புலன் விசாரணை அதிகாரியிடம் கேட்டு நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இனி, என் தவறு. ஏழும் ஒன்பதும் வயதான இரு குழந்தைகள் சாட்சி சொன்ன வழக்கில் தந்தைக்காக வாதிட்டேன். குழந்தைகளின் சாட்சியத்தை மனப்பாடம் ஆகும் அளவுக்குப் படித்திருந்தேன். புலன் விசாரணை அதிகாரியின் சாட்சியத்தில் அரசுத் தரப்பு கேட்ட முதல் விசாரணையைப் படித்துவிட்டு, குறுக்கு விசாரணை நீண்டும் சலிப்பூட்டியும் இருந்ததால் மேலோட்டமாகப் புரட்டினேன். அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தல் பற்றிப் பொதுவாகப் பேசினேன். மேல்முறையீடு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றத்துக்கான அனுமதி மனுவுக்காக வழக்கு ஆவணத் தொகுப்பை மீண்டும் படித்தபோது அந்த அதிகாரியின் சாட்சியத்தின் கடைசிப் பக்கத்தில் இந்த வரி இருந்தது: "அப்பா அரிவாள்மனையால் வெட்டியதைப் பார்த்ததாக அ.சா.1 என் விசாரணையில் கூறவில்லை." அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சியான மூத்த குழந்தை, முதலில் சொன்னது, சத்தம் கேட்டு விழித்தபோது தந்தை அங்கே நின்றார் என்பது மட்டுமே. விசாரணை நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்துவைத்த அந்த வரியை நான் படிக்கவில்லை. மனுவில் அதைச் சேர்த்தபோது, உயர் நீதிமன்றத்தில் ஏன் இதை வாதிடவில்லை என்ற கேள்விதான் முதலில் வந்தது. அந்த ஒரு வரி முடிவை மாற்றியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அது வாதிடப்படாமலே ஒருவர் சிறைக்குத் திரும்பினார் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

ஆகவே தொகுப்பு கைக்கு வந்ததும் புலன் விசாரணை அதிகாரியின் குறுக்கு விசாரணையைப் பின்னாலிருந்து படியுங்கள். ஒவ்வொரு "கூறவில்லை"யையும் தனித்தாளில் எழுதி, அதன் எதிரே குழந்தையின் சாட்சியத்தில் உள்ள வரியை எழுதுங்கள். அதில் எது சம்பவத்தின் மையத்தைத் தொடுகிறது, எது சட்டையின் நிறத்தைப் போன்ற சில்லறை விஷயம் என்று பிரியுங்கள். சில்லறையை விட்டுவிடுங்கள். மையத்தைத் தொடுவது ஒன்றும் இல்லையென்றால் இந்த வாதத்தையே எடுக்காதீர்கள். குழந்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பதை ஏற்க மறுக்கும் வழக்கறிஞரின் மற்ற வாதங்களையும் நீதிபதிகள் நம்புவதில்லை.

நீதிமன்றத்தின் மொழியைக் குழந்தையின் மொழியாக எடுத்துக்கொள்வது

எட்டு வயதுக் குழந்தை "எதிரி எனது தகப்பனார்" என்றும் "தென்மேற்கு மூலையில்" என்றும் சொல்லுமா, இது போலீஸ் மொழி அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தை "அப்பா" என்றுதான் சொல்லியிருக்கும்; சாட்சியத்தைப் பதிவு செய்யும்போது அது "எதிரி" ஆகிறது. இது நீதிபதிகளுக்கு நன்றாகத் தெரியும். குழந்தையின் சொந்த மொழி கிடைக்கும் இடம், சாட்சியத்தின் தொடக்கத்தில் நீதிபதி கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். "எந்த வகுப்பு?", "பொய் சொன்னால் என்ன ஆகும்?" என்பவை கேள்வி பதிலாகவே பதிவாகியிருக்கும். தட்டச்சுத் தொகுப்பில் அந்தப் பக்கம் விடுபட்டிருந்தால் மூல ஆவணத்தை வரவழைத்துப் பாருங்கள்.

சத்தியப் பிரமாணம் இல்லை என்பது

சத்தியப் பிரமாணம் செய்யாத குழந்தையின் சாட்சியம் செல்லாது என்பது 1951 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ராமேஷ்வர் தீர்ப்போடு முடிந்த வாதம். எழுதாதீர்கள்.

தாமதத்தை மட்டும் சொல்வது

பல்வீர் சிங் வழக்கில் குழந்தையின் வாக்குமூலம் 18 நாள் கழித்தே பதிவானது. அது மட்டுமே சாட்சியத்தைத் தள்ளப் போதவில்லை. தாமதத்துக்குக் காரணம் என்ன என்று அதிகாரியிடம் கேட்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

இரு குழந்தைகளையும் ஒரே சாட்சியாகப் படிப்பது

இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறது என்று அரசுத் தரப்பு சொன்னதும் நாம் உடனே வேறுபாடுகளைத் தேடுகிறோம். உண்மையில் வேறுபாடு குழந்தைகளுக்கு இயல்பானது. கேள்வி எழுப்ப வேண்டியது சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவதைப் பற்றித்தான். அதைவிட முக்கியம், இருவரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தார்களா என்பது. சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸார் எழுதிய பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் அருகருகே விரித்து, விளக்கு எங்கே, பாய் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். ஒரு வழக்கில் இளைய குழந்தை படுத்திருந்ததாகச் சொன்ன இடத்துக்கும் சம்பவ இடத்துக்கும் நடுவே சுவர் இருந்தது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. குழந்தை பொய் சொன்னதாக வாதிடத் தேவையே ஏற்படவில்லை; அக்கா பலமுறை சொல்லக் கேட்டதைத் தான் பார்த்ததாகவே அது நம்பியிருந்தது. அந்தச் சாட்சியத்தை மட்டும் நீதிமன்றம் ஒதுக்கியது.

அன்று இரவு கணவர் எங்கே இருந்தார் என்பதை மறப்பது

குழந்தைகளின் சாட்சியம் போனாலும், வீட்டுக்குள் நடந்ததற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பைச் சாட்சியச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, இப்போது 109, உங்கள் கட்சிக்காரர் மீது வைக்கிறது. நீதிபதி எதிரியிடமே விளக்கம் கேட்கும் 313 விசாரணையில் அவர் என்ன சொன்னார் என்று முதலில் படியுங்கள்.

மாற்று வாதத்தைக் கைவிடுவது

விடுதலை மட்டுமே கேட்பேன் என்று நிற்பது பெரும் இழப்பு. பெரும்பாலும் அதே குழந்தைதான் முன்னதாக நடந்த சண்டையையும், இரு பக்கமும் எழுந்த வசவுகளையும், அடுக்களையில் கைக்குக் கிடைத்த பொருளைத் தந்தை எடுத்ததையும் சொல்கிறது. அந்தச் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டே, இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவில் திடீர் ஆத்திரமூட்டலைப் பற்றிய முதல் அல்லது திடீர்ச் சண்டையைப் பற்றிய நான்காம் விதிவிலக்கின் கீழ், அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவில் 101-இன் கீழ், இது கொலையைவிடக் குறைந்த குற்றமான கொலையாகாத மரணம் என்று கேட்கலாம். எத்தனை காயங்கள், உடலின் எந்தப் பகுதியில் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பிறகே இதை முடிவு செய்யுங்கள். இதைக் கட்சிக்காரரிடம் முன்பே விளக்கி, அவருடைய சம்மதத்தைப் பெற்று, மேல்முறையீட்டுக் காரணங்களில் தனி எண்ணிட்டு எழுதுங்கள். வாதத்தின் கடைசி நிமிடத்தில் திடீரென எழுப்பினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகவே கேட்கும்.

குழந்தையின் பெயர்

காரணங்களில், சுருக்கக் குறிப்பில், எழுத்துபூர்வ வாதத்தில், எங்கும் எழுத வேண்டாம். அ.சா.1, அ.சா.2 போதும்.