இல்லினாய் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி, சுகாதாரக் கல்வி, ஓட்டுநர் பயிற்சி: பெற்றோர் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

சிகாகோவின் புறநகர்களான நேப்பர்வில், அரோரா பகுதிகளில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்பதாம் வகுப்புக்கான பாடத்தேர்வு என்றாலே பேச்சு கணிதத்தில் தொடங்கி கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்களில் முடிந்துவிடுகிறது. உடற்கல்வி, சுகாதாரக் கல்வி, ஓட்டுநர் பயிற்சி ஆகிய மூன்றையும் பெரும்பாலான பள்ளிகள் ஒரே துறையின் கீழ் வைத்திருக்கின்றன. காலையில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியரே பிற்பகலில் காரில் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருக்கக்கூடும். ஊரில் 'டிரில் பீரியட்' என்று தள்ளிவைத்துப் பழகிய நமக்கு இந்தத் துறை ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. ஆனால் மற்ற பாடங்களில் பின்தங்கினால் டியூஷன் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம், இங்கே தவறவிட்ட தேதியை எந்த டியூஷனும் மீட்டுத் தராது. ஆகவே மதிப்பெண்ணுக்கு முன்னால் நாள்காட்டியைக் கவனியுங்கள்.

முதல் தேதி அக்டோபர் 15. ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரும் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தையும் தடுப்பூசி விவரங்களையும் அந்த நாளுக்குள் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் படிவம் வரும்வரை வகுப்பில் அமர விடாமல் நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. பல் பரிசோதனைப் படிவத்துக்கு மே 15 வரை அவகாசம் உண்டு. இந்தியாவிலிருந்து நேராக வந்து இந்த மாநிலத்துப் பள்ளியில் முதன்முறையாகச் சேரும் பிள்ளைக்குக் கண் பரிசோதனைப் படிவமும் தேவைப்படும். ஊரில் போட்ட தடுப்பூசிகளின் அட்டையை மாமனார் வீட்டுப் பீரோவில் விட்டுவிட்டு வந்தவர்கள், கோடை விடுமுறையிலேயே அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி இங்குள்ள மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்வது நல்லது. ஆகஸ்டில் மருத்துவரிடம் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

உடற்கல்வி

இல்லினாய் நெடுங்காலமாக நாள்தோறும் உடற்கல்வி நடத்தச் சொன்ன மாநிலம். 2017-ல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் போதும் என்று தளர்த்தப்பட்டது. இருந்தும் பல புறநகர்ப் பள்ளிகள் நான்கு ஆண்டுகளும் இப்பாடத்தை விடாமல் நடத்துகின்றன. நேப்பர்வில்லுக்கு இதில் தனிப்பெயர் உண்டு. பில் லாலர் என்ற உடற்கல்வி ஆசிரியர் 1990-களில் மாணவர்களுக்கு இதயத்துடிப்பு அளவியைக் கட்டிவிட்டு, யார் முதலில் வந்தார் என்பதைவிட அவரவர் இதயம் எவ்வளவு உழைத்தது என்பதை வைத்து மதிப்பிடத் தொடங்கினார். விளையாட்டில் நாட்டமில்லாத பிள்ளையும் நல்ல மதிப்பெண் பெறலாம் என்ற நிலை அப்படித்தான் இங்கே வேரூன்றியது.

இன்றும் இப்பாடத்தில் மதிப்பெண் குறைவதற்குத் திறமையின்மை காரணமாக இருப்பது அரிது. உடற்பயிற்சி உடைக்கு மாறாமல் வருவது, தாமதமாக வருவது, உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது ஆகிய மூன்றுமே மதிப்பெண்ணைத் தின்கின்றன. ஆகையால் இரண்டு ஜோடி உடைகளை வாங்கி, ஒன்றை லாக்கரிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். மாநிலம் முழுவதும் நடத்தப்படும் உடற்தகுதிச் சோதனைகளில் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது 'பேசர்' ஓட்டத்துக்குத்தான்: 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள், பீப் ஒலி கேட்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும், ஒலிகளுக்கு இடையிலான நேரம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். மே மாதத்திலேயே வாரம் மூன்று மாலைகள் பூங்காவைச் சுற்றி மெதுவாக ஓடிப் பழகிய பிள்ளைக்கு அது ஒரு பூதமாகத் தெரியாது.

நீச்சல் குளம் உள்ள பள்ளிகளில் நீச்சலும் இப்பாடத்தின் ஒரு பகுதி. நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், தயங்கி நிற்கும் இடம் இதுதான். எட்டாம் வகுப்பு முடிந்த கோடையில் உங்கள் ஊர்ப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க் டிஸ்ட்ரிக்ட் நடத்தும் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை அணிய வேண்டுமென்றால் பருவம் தொடங்குமுன்பே ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். காய்ச்சல், சுளுக்கு போன்றவற்றுக்கு மருத்துவர் கடிதம் ஏற்கப்படும். அம்மா எழுதிய துண்டுச்சீட்டு ஓரிரு நாட்களுக்கு மேல் செல்லாது என்று பல பள்ளிகள் விதி வைத்திருக்கின்றன.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் பள்ளி அணியில் விளையாடுவோருக்கும், கல்லூரிச் சேர்க்கைக்கு அவசியமான பாடத்துக்கு இடமில்லாதோருக்கும் உடற்கல்வியிலிருந்து விலக்குக் கேட்க வழியுண்டு. எதற்கு, யாருக்கு என்பதை பள்ளி மாவட்ட நிர்வாகமே முடிவு செய்கிறது. கிடைக்கிறதே என்பதற்காக இன்னொரு ஏ.பி. பாடத்தைத் திணிக்க இதைப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடானதல்ல. காலை ஏழரை முதல் இரவு பதினொன்று வரை நாற்காலியை விட்டு எழாத பிள்ளைக்கு அந்த ஒரு வகுப்புதான் உடம்பை அசைக்கும் நேரம்.

சுகாதாரக் கல்வி

இது ஒரு செமஸ்டர் பாடம்; ஒன்பதிலோ பத்திலோ வரும். கோடைப்பள்ளியிலேயே முடித்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு பாடத்தை எடுக்க முடியுமா என்று கவுன்சலரிடம் பிப்ரவரியிலேயே கேளுங்கள். போதைப்பொருள், மனநலம், உணவு ஆகியவற்றோடு, இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் காக்கும் சி.பி.ஆர். முதலுதவியையும் இதயத்துக்கு மின்னதிர்வு தரும் ஏ.இ.டி. கருவியின் பயன்பாட்டையும் உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்பது 2014 முதல் இம்மாநிலச் சட்டம். பாலியல் கல்வி நடத்தப்படும் பள்ளிகளில் பாடப்பொருளைப் பெற்றோர் பார்வையிடலாம். வேண்டாமென்று எழுதிக்கொடுத்தால் பிள்ளைக்குத் தண்டனையோ மதிப்பெண் குறைப்போ இராது. எழுதிக்கொடுக்குமுன் பாடத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். வகுப்பறையில் கேட்காததைக் கைபேசியில் தேடிக்கொள்ளும் வயது அது.

ஓட்டுநர் பயிற்சி

பொதுப்பள்ளியில் இந்தப் பயிற்சியில் சேர, முந்தைய இரண்டு செமஸ்டர்களில் குறைந்தது எட்டுப் பாடங்களில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பதினைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். வகுப்பறையில் 30 மணி நேரம், ஆசிரியருடன் சாலையில் 6 மணி நேரம் என்பது மாநிலம் வகுத்த அளவு. பள்ளிகள் வழக்கமாக 50 டாலர் வரை கட்டணம் வாங்கலாம்; பொதுக்கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்ட பின் அதை 250 வரை உயர்த்தப் பள்ளி மாவட்டத்துக்கு அதிகாரம் உண்டு. ஓட்டிப் பழகுவதற்கான அனுமதிச் சீட்டான பெர்மிட்டுக்கு 20 டாலர் தனி. தனியார் பயிற்சிப் பள்ளிகளும் இதே மணிக்கணக்கில் நடத்துகின்றன. இடமும் நேரமும் ஒத்துவராதவர்களுக்கு அது பயன்படும்.

வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் கவனிக்க: இங்கே லைசென்ஸ் தரும் அலுவலகம் 'டி.எம்.வி.' அல்ல, மாநிலச் செயலாளர் அலுவலகம். எழுத்துத் தேர்வில் 35 கேள்விகள். 28 சரியாக இருந்தால் தேர்ச்சி. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு எண் இராது. அதற்கு மாற்றாக எந்தக் கடிதம், எந்த ஆவணம் வேண்டும் என்பதைப் பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பள்ளி அலுவலகத்திலும் லைசென்ஸ் அலுவலகத்திலும் கேட்டுத் தயார் செய்யுங்கள். வகுப்பு தொடங்கிய பின் இந்தக் காகிதத்துக்காக அலைவதால்தான் பலருடைய சாலைப் பயிற்சி தள்ளிப்போகிறது.

பெர்மிட் கைக்கு வந்த நாளிலிருந்து ஒன்பது மாதங்கள் கழிந்தால்தான், அதுவும் பதினாறு வயது நிறைந்திருந்தால்தான், லைசென்ஸ் கிடைக்கும். இடையில் போக்குவரத்து விதிமீறலுக்குத் தண்டனை பெற்றால் ஒன்பது மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த இடைவெளியில்தான் பெற்றோரின் வேலை இருக்கிறது: இரவில் 10 மணி நேரம் உட்பட மொத்தம் 50 மணி நேரம், 21 வயதுக்கு மேற்பட்ட, லைசென்ஸ் வைத்திருக்கும், ஓராண்டாவது ஓட்டிய அனுபவமுள்ள ஒருவர் முன்னிருக்கையில் அமர்ந்து பழக்கியிருக்க வேண்டும். அதைக் குறித்துவைத்துப் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். 50 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நிமிடம் போதும். அப்படிப் போடப்படும் கையெழுத்துகள் குறைவல்ல. என் கருத்தில் இந்தத் துறையின் முழுப் பயனும் இந்த 50 மணி நேரத்தை உண்மையாக ஓட்டுவதில்தான் இருக்கிறது. பள்ளி தரும் ஆறு மணி நேரத்தில் ஸ்டீயரிங் பழகும், சாலை பழகாது.

முதல் சில மணி நேரங்களை ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடத்தில் செலவிடுங்கள். அடுத்து வீட்டைச் சுற்றி மணிக்கு 25 மைல் வேகத் தெருக்கள். நாலுபக்க ஸ்டாப் பலகைகள் உள்ள சந்திப்பில் சக்கரம் முழுமையாக நின்ற பிறகு மனத்துக்குள் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். முதலில் வந்த வண்டி முதலில் போகும், ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கத்து வண்டிக்கு வழி. நிறுத்தப் பலகையை நீட்டி நிற்கும் பள்ளிப் பேருந்தைக் கண்டால், இருவழிச் சாலையில் எதிர்த்திசையில் வருபவரும் நிற்க வேண்டும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள சாலையில் எதிர்த்திசை வண்டிகள் நிற்கத் தேவையில்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளையை விடப் பெற்றோரே அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா நாற்பது ஆண்டுகள் அம்பாசடர் ஓட்டியவராகவே இருந்தாலும் இந்தப் பொறுப்பை அவரிடம் விடாதீர்கள். இடப்பக்கம் ஓட்டிய கை இடப்பக்கமே இழுக்கும்.

பனிக்காலத்தைத் தவிர்க்காதீர்கள். முதல் பனி விழுந்த மறுநாள், திறந்த நிறுத்துமிடத்தில், மணிக்கு 15 மைல் வேகத்தில் செல்லும்போது பிரேக்கை அழுத்தி விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலடியில் தடதடவென்று அதிரும், 'கரகர' என்று சத்தம் வரும். முதல் தடவை அது கேட்டதும் ஏதோ உடைந்துவிட்டது என்று பிள்ளை காலை எடுத்துவிடும். அந்த அதிர்வைப் பாதுகாப்பான இடத்தில் அறிந்துகொண்ட கால், நெடுஞ்சாலையில் தேவைப்படும்போது பெடலை விட்டு எழாது.

வண்டிக்குள் உங்கள் குரலும் பாடத்தின் ஒரு பகுதி. 'ஏய், பார்த்து!' என்பதைக் கேட்டு எதையும் செய்ய முடியாது. 'இடது தடத்துக்கு மாறு', 'வேகத்தைக் குறை' என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். கண்டிப்பு வீட்டுக்கு வந்த பிறகு.

பெர்மிட் வந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நல்ல மதிப்பெண் பெறும் மாணவருக்குக் கட்டணச் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். லைசென்ஸ் வந்த பிறகும் கட்டுப்பாடுகள் தொடர்கின்றன: பதினெட்டு வயது வரை ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 10 மணிக்கு மேலும், வெள்ளி, சனியில் 11 மணிக்கு மேலும், காலை 6 வரை ஓட்டக்கூடாது. சில விலக்குகள் உண்டென்றாலும், பொங்கல் விழா ஒத்திகை நீண்டுபோகும் இரவுகளில் பெற்றோரே போய் அழைத்து வருவது வம்பில்லாத வழி. முதல் ஓராண்டு, அல்லது பதினெட்டு வயது ஆகும் வரை, இவற்றில் எது முன்போ அதுவரை, உடன்பிறந்தோரைத் தவிர இருபது வயதுக்குட்பட்ட ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம். பத்தொன்பது வயதுக்குட்பட்டவர் ஓட்டும்போது, அவசர நிலையைத் தவிர, கைபேசியைக் கையில் தொடாமல் பேசுவதும் கூடாது.

லைசென்ஸ் வாங்கப் போகும் நாளில், உறுப்பு தானப் பட்டியலில் சேர விருப்பமா என்று உங்கள் பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்பார்கள். 2018 முதல் பதினாறு, பதினேழு வயதினரும் பதிந்துகொள்ளலாம். பதினெட்டு ஆகும் வரை அதை மாற்றப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கவுன்ட்டரில் வரிசை காத்திருக்கும்போது தமிழில் கிசுகிசுத்து முடிவெடுக்காமல், முந்தைய இரவே சாப்பாட்டு மேசையில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.