486-இன் கீபோர்டு கேபிளை நீட்டுவது

486 போன்ற பழைய பிசிக்களின் ஏடி மதர்போர்டில் கீபோர்டுக்கு இருப்பது அந்தப் பெரிய, உருண்டையான 5 பின் டின் சாக்கெட். கேபினெட்டை மேஜைக்கு அடியில் தள்ளினால் சுருள் கேபிள் எட்டாது. என் 486-க்கு ஒன்றரை மீட்டரில் நானே ஒன்று செய்து வைத்திருக்கிறேன்.

கடையில் கேட்டால் பெரும்பாலும் இசைக்கருவிகளை இணைக்கும் மிடி கேபிளை எடுத்து நீட்டுவார்கள். "இதுவும் அஞ்சு பின்தானே சார்?" பிளக் என்னவோ அதேதான். ஆனால் பல மிடி கேபிள்களில் 2, 4, 5 பின்களுக்கு மட்டும்தான் ஒயர் போகும். கீபோர்டுக்கு 1 க்ளாக் (டேட்டாவுக்குத் தாளம் போடும் துடிப்பு), 2 டேட்டா, 4 கிரவுண்ட், 5-இல் 5 வோல்ட். க்ளாக் இல்லாமல் ஒரு எழுத்தும் வராது. பிளக் பொருந்துவதை வைத்து எதையும் நம்பாதீர்கள், மல்டிமீட்டரை நம்புங்கள்.

ஒயருக்கு நான் எடுப்பது பழைய நெட்வொர்க் பேட்ச் கேபிள். ஆரஞ்சில் க்ளாக், பச்சையில் டேட்டா, அந்த இரண்டின் வெள்ளைக் கோடு போட்ட ஜோடிகளும் கிரவுண்ட். நீல ஜோடி இரண்டையும் சேர்த்து 5 வோல்ட். பழுப்பை வெட்டிவிடலாம். க்ளாக்கையும் டேட்டாவையும் ஒரே ஜோடியில் முறுக்கிவிட்டால் ஒன்றின் துடிப்பு மற்றதில் ஏறும், எழுத்து தப்பித் தப்பி விழும்.

சால்டர் வைக்கும் முன் பிளக்கின் மூடியைக் கேபிளில் கோத்துவிடுங்கள், அப்புறம் அது ஏறாது. பின்கள் நேராக 1, 2, 3 என்று வராது. 1, 4, 2, 5, 3 என்றுதான் வளைந்து வரும். பிளக்கில் ஒரு பக்கமிருந்து என்றால் சாக்கெட்டில் எதிர்ப்பக்கமிருந்து. அதனால் படத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு பின்னுக்கும் அருகில் பொடியாக அச்சிட்ட எண்ணை டார்ச் அடித்துப் படியுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பின் சாயும். பிளக்கை ஒரு சாக்கெட்டில் சொருகி வைத்துக்கொண்டு சால்டர் செய்தால் அசையாது.

மறுமுனையில் சின்ன உருண்டை பிளக் கொண்ட பிஎஸ்/2 கீபோர்டு மாட்டுவதென்றால், அந்தச் சாக்கெட்டில் க்ளாக் 5-க்கு, டேட்டா 1-க்கு, கிரவுண்ட் 3-க்கு, 5 வோல்ட் 4-க்கு.

முதலில் டின் பிளக்கின் 4-க்கும் 5-க்கும் நடுவே ஷார்ட் இல்லையே என்று பாருங்கள். அது முடிந்ததும் கீபோர்டை மாட்டி, கடைசி முனையில் வோல்டேஜை அளந்து பாருங்கள். 4.75-க்குக் கீழே போனால் ஒயர் மெல்லியது. மெஷின் ஓடும்போது கழற்றி மாட்டாதீர்கள். பல போர்டுகளில் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஃப்யூஸ் இருக்கும், அது போய்விட்டால் ஆள் கீபோர்டைத்தான் சந்தேகிப்பான். கீபோர்டின் அடியில், இன்னும் பழைய எக்ஸ்டி பிசிக்கா ஏடி பிசிக்கா என்று மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் ஏடி பக்கம் தள்ளுங்கள்.

மவுஸ் கேபிளையும் நீட்ட வேண்டுமென்றால், என் மவுஸ் 9 பின் சீரியல் போர்ட்டில் மாட்டுவது. அது தனக்கு வேண்டிய கரண்டை அந்தப் போர்ட்டின் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற சிக்னல் கோடுகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே 9 பின்னும் நேருக்கு நேர் போகும் கேபிள் வேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்க ஒயர்களைக் குறுக்கே மாற்றிய நல் மோடம் கேபிள் ஆகாது. இன்னொரு சிக்கல், போர்டிலிருந்து கேபினெட்டின் பின்புறம் வரும் ரிப்பன் பிராக்கெட். அதில் இரண்டு வகை ஒயரிங் உண்டு, வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பவர் கார்டைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் வெறும் இரும்பையும் அந்த 9 பின் போர்ட்டின் 5-ஆம் பின்னையும், பீப் அடிக்கும் கன்டின்யூட்டி நிலையில் வைத்த மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள். பீப் வராவிட்டால் டிரைவர் சாஃப்ட்வேரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், பிராக்கெட்டை மாற்றுங்கள்.