வாயில் கரண்டி, கரண்டியில் எலுமிச்சை: ஏழு வயதுக்குச் சிரிப்புக் கதை எழுதும் முறை

எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையைத் தாண்டி, தானாகவே ஒரு முழுப் புத்தகத்தைப் படிக்கத் துணியும் குழந்தைக்குப் பள்ளி விளையாட்டு விழா அருமையான களம். எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடு, விசில், மைக், பந்தல் எல்லாமே குழந்தைக்குத் தெரிந்தவை. விளக்கிச் சொல்ல ஒரு வரிகூடச் செலவாகாது.

முதலில் அளவு. 48 பக்கம் போதும்; அச்சகத்தில் ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் மூன்று ஃபாரம். முன்னும் பின்னும் நான்கு நான்கு பக்கம் போக 40 மிஞ்சும். எட்டு அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பக்கம், பக்கத்துக்குச் சுமார் 60 சொல். எழுத்தின் அளவு 16 புள்ளிக்கு (பாயிண்ட்) குறைய வேண்டாம். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டில் ஒன்றிலாவது படம் இருக்கட்டும்.

போட்டி ஒன்றே ஒன்றை எடுங்கள். சாக்கு ஓட்டம், தவளை ஓட்டம், இசை நாற்காலி என்று எல்லாவற்றையும் அடுக்கினால் அது நிகழ்ச்சி நிரல் ஆகிவிடும். சாக்கு ஓட்டத்தில் விழுந்தால் படம் அழகாக வரும், ஆனால் கதை அங்கேயே நின்றுவிடும். எலுமிச்சை ஓட்டம் அப்படியில்லை. கரண்டியைப் பல்லால் கவ்வியிருக்கும் பிள்ளையால் பேச முடியாது. கதைக்கு இந்த ஒரு விதி போதும்.

ஒரு சிறுமி வீட்டில் பயிற்சி செய்கிறாள். “இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா கண்ணு?” என்கிறார் பாட்டி. “ம்ம்! ம்ம்!” வேண்டாம் என்றுதான் சொல்கிறாள், தட்டில் இட்லி ஏறுகிறது. பள்ளியில் பி.டி. சார், “சாக்கு ஓட்டத்துலயும் உன் பேரை எழுதிக்கவா?” என்கிறார். “ம்ம்! ம்ம்!” எழுதிக்கொள்கிறார். முதல் தடவை வாசகர் விளையாட்டைக் கற்றுக்கொள்கிறார். இரண்டாம் தடவை முன்கூட்டியே சிரிக்கிறார். மூன்றாவதும் அப்படியே வந்தால் சலித்துவிடும், அங்கே திருப்ப வேண்டும். விழா நாளில், முடிவுக் கோட்டுக்கு இரண்டடி முன்னால், பந்தலிலிருந்து பாட்டி கத்துகிறார்: “இட்லி போதுமா?” இந்த முறை அவள் வாயைத் திறந்து “போதும்!” என்கிறாள். எலுமிச்சை உருள்கிறது. எங்கே உருள்கிறது என்பதுதான் ஏழாம் அத்தியாயம். தலைமை ஆசிரியரின் நாற்காலிக்கு அடியிலா, ஆட்டின் வாய்க்கா என்பதை இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு படத்தில் காட்டி வைத்துவிடுங்கள்.

மொழியில்தான் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் சறுக்குகின்றன. வாக்கியம் ஐந்து முதல் எட்டுச் சொல். ‘ஓடிக்கொண்டிருந்தபோதிலும்’ ஒரே சொல்தான், ஆனால் வரியின் பாதியை விழுங்கிவிடும். குழந்தை நடுவில் மூச்சு வாங்கும்போது சிரிப்பு செத்துவிடும். ‘ஓடினாள். ஆனாலும்’ என்று உடையுங்கள். கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பேச்சு மட்டும் பேச்சுத் தமிழில், அதுவும் ‘வாங்க’, ‘போதும்’ போலக் கண்ணில் பட்டதும் தெரிகிற சொற்களாக. ‘வந்துக்கிட்டிருக்கேன்’ காதுக்கு எளிது, கண்ணுக்குக் கடினம்.

மெதுவாக ஓடுகிற பிள்ளை, குண்டான பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, இவர்களை வைத்துச் சிரிக்க வைக்கவே கூடாது. படிப்பது அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம். சிரிப்பு நிலைமையிலிருந்து வரட்டும். கடைசி அத்தியாயத்தில் தலைமை ஆசிரியர் ‘வெற்றி தோல்வி முக்கியமில்லை’ என்று பேச எழுந்தால் உட்கார வைத்துவிடுங்கள். பி.டி. சார் பெயர் எழுதிக்கொண்ட சாக்கு ஓட்டம் இன்னும் பாக்கி இருக்கிறதே, அவள் அதற்கு ஓடட்டும்.

எழுதி முடித்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் உதவ வேண்டாம். திக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, சிரிக்கும் இடத்தில் ஒரு கோடு. ஒரே சொல்லில் இரண்டு புள்ளி விழுந்தால் அந்தச் சொல்லை மாற்றுங்கள். கோடே விழாத அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள்.