அட்டையின் அந்த ஒரு முனை: போலி மருந்தையும் கலப்பட மருந்தையும் நோயாளியிடம் அண்டவிடாமல் தடுப்பது எப்படி

மருந்துக் கடையில் நான்கு மாத்திரைகள் மட்டும் கேட்டால், கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டி, சிறு காகித உறையில் போட்டுத் தருவார். பல அட்டைகளில் தொகுதி எண்ணும், தயாரிப்பு மற்றும் காலாவதி மாதங்களும் ஒரு முனையில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். அந்த முனை கடையிலேயே தங்கிவிட, நம் கைக்கு வருவது எங்கே, எப்போது, எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாத நான்கு மாத்திரைகள்தாம். கடைக்காரர்கள் 'பேட்ச் நம்பர்' என்று சொல்லும் அந்தத் தொகுதி எண்ணைக் கைவிடாமல் வைத்திருப்பதே நோயாளியின் குடும்பத்தார் செய்யக்கூடிய முதல் காவல். இதர காவல்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

இதன் அருமை 2025-ஆம் ஆண்டு தெளிவாகவே தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிறு குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தின்மேல் சந்தேகம் விழுந்தது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியைச் சோதித்ததில், 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். கடைகளிலும் வீடுகளிலும் இருந்த புட்டிகளில் எது அந்தத் தொகுதி என்று அறிய, புட்டியின் மேலிருந்த அந்த ஒரு வரியைத் தவிர வேறு வழி இல்லை. இது புதிய நஞ்சும் அன்று: 1972-இல் சென்னையிலும், 1986-இல் மும்பையிலும் இதே பொருள் கலந்த மருந்து நோயாளிகளைக் கொன்றிருக்கிறது. கரைப்பானாகச் சேர்க்கும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியவற்றை மருந்துத் தரத்தில் வாங்காமல், இந்த நஞ்சு கலந்திருக்கக்கூடிய மலிவுச் சரக்காக வாங்குவதும், வாங்கியதைச் சோதிக்காமல் விடுவதும்தான் ஒவ்வொரு முறையும் காரணம்.

நிறமற்றதும் இனிப்பானதுமான அந்த நஞ்சை நாவாலோ மூக்காலோ கண்டுபிடிக்க இயலாது. ஆகவே இருமல் மருந்து விஷயத்தில் வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியது வேறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது. ஐந்து வயது வரை பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே அறிவுறுத்தியிருக்கிறது. மருந்து கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்து, சோர்ந்து, சிறுநீர் கழிப்பது குறைந்தால் மறுநாள்வரை பொறுக்காமல் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புட்டியைக் கழுவிவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

வாங்கும்போது கேட்க வேண்டியது பில். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி மாதம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அவற்றை அங்கேயே நின்று அட்டையோடு ஒத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கடையை விட்டு வெளியேறுவதே நல்லது. வரி மிச்சம் என்ற பெயரில் நாம் இழப்பது நமக்கிருக்கும் ஒரே சான்றை. மாத்திரைகளை வெட்டித்தான் வாங்க வேண்டியிருந்தால், எண் உள்ள முனையைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முழு அட்டையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்தாயின், பழைய அட்டையை அருகில் வைத்து எழுத்தின் அளவு, படலத்தின் அழுத்தம், மாத்திரையின் நிறம், விளிம்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். நிறுவனங்களே உறையை மாற்றுவதுண்டு என்பதால் வேறுபாடு இருந்தாலே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். கேள்வி கேட்க அது போதுமான காரணம்.

2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 பிரபல மருந்துகளின் உறையில் கியூஆர் குறியோ பட்டைக் குறியோ இருக்க வேண்டுமென்பது விதி. டோலோ, கால்பால், தைரோநார்ம் போன்று நாம் அடிக்கடி வாங்குபவை அப்பட்டியலில் உள்ளன. ஸ்கேன் செய்தால் தோன்றும் தொகுதி எண்ணும், காலாவதியும், உரிம எண்ணும் உறையில் அச்சிட்டவற்றோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். ஆனால், பொருந்திவிட்டது என்பதற்காக முழுமையாக நம்பிவிடவும் கூடாது என்பதே என் கருத்து, ஏனெனில் உண்மையான உறையின் குறியை அப்படியே நகலெடுப்பவனுக்கு எண்களும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. 2023 அக்டோபரில் ஐரோப்பாவில், சர்க்கரை நோய்க்கானதும் எடை குறைக்கப் பலர் நாடுவதுமான ஓசெம்பிக் மருந்தின் பெயரில் பிடிபட்ட போலி ஊசிப் பேனாக்களில் உண்மையான தொகுதி எண்களும் வரிசை எண்களுமே இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வரிசை எண் தந்து, விற்றதும் அதைச் செயலிழக்கச் செய்யும் முறை அங்கே இருந்ததால்தான் அவை மாட்டிக்கொண்டன. ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரியாவில் போலிப் பேனாவைப் பயன்படுத்திய சிலர் இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு அதிகாரிகள் கருதினர். உடல் எடை குறைக்கும் ஊசியை இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலோ தெரிந்தவர் மூலமாகவோ வாங்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

விலையுயர்ந்த ஊசி மருந்துகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2024 மார்ச்சில் தில்லி காவல்துறை பிடித்த கும்பல், புற்றுநோய் ஊசி மருந்துகளின் காலிக் குப்பிகளை வாங்கி, அவற்றில் பூஞ்சைக்கான மருந்தை நிரப்பி மறுபடி விற்றது. குப்பியும் உண்மை, அதன் மேலிருந்த எண்ணும் உண்மை, உள்ளே இருந்தது மட்டும் பொய். எனவே இத்தகைய ஊசியை மருத்துவமனை மருந்தகத்திலோ நிறுவனத்தின் நேரடி விநியோகஸ்தரிடமோ மட்டும் வாங்க வேண்டும். மூடியும் முத்திரையும் நம் கண்முன் திறக்கப்பட வேண்டும் என்று செவிலியரிடம் பணிவாகக் கேட்கலாம். எந்த நல்ல மருத்துவமனையும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. குளிரில் இருக்க வேண்டிய இன்சுலின் போன்றவற்றைக் கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். உண்மையான மருந்தும் வெயிலில் கெட்டுப்போகும்.

இனி, கலந்து தரும் மருந்துகள். கம்பவுண்டர் கலந்து தரும் மிக்சருக்கு வீட்டிலிருந்தே புட்டி கொண்டுபோனதும், வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை அதில் ஒட்டித் தந்ததும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கம் மறைந்தாலும், கிளினிக்கில் பொட்டலமாகத் தரும் பெயரில்லா மாத்திரைகளும், டப்பாவில் வழித்துத் தரும் தோல் களிம்பும், மூட்டுவலிக்கென்று விற்கும் 'மூலிகை'ப் பொடியும் இன்றும் உள்ளன. மருத்துவர் தேவை கருதிக் கலக்கச் சொல்வது தவறன்று. எங்கே, எந்தச் சுத்தத்தில், எந்த அளவில் கலக்கப்பட்டது என்பதற்குப் பதில் இல்லாததே தவறு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாமில் இயங்கிய ஒரு கலவை மருந்தகம் அனுப்பிய ஸ்டீராய்டு (வலியையும் வீக்கத்தையும் விரைவில் அடக்கும் மருந்து) ஊசியில் பூஞ்சை இருந்ததால், 2012-இல் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் மூளையுறை அழற்சி கண்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகே, 2013-இல், அந்நாட்டில் சட்டம் இறுக்கப்பட்டது.

கலந்து தரப்படும் எதிலும் உட்பொருட்களின் பெயர், அளவு, கலந்த தேதி, எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பது ஆகியவற்றை எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் உட்கொள்ள வேண்டாம். பல ஆண்டு வலியோ மூச்சிரைப்போ பெயரில்லாப் பொடியால் இரண்டே நாளில் மறைந்தால், மகிழ்வதற்கு முன் ஸ்டீராய்டைச் சந்தேகிக்க வேண்டும். முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தும் அறிகுறிகள். அப்பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், பொடியோடு மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் குறைக்க வேண்டும்.

சந்தேகம் எழுந்தால் அந்த அட்டையைத்தான் நிறுத்த வேண்டும், சிகிச்சையை அல்ல. இரத்த அழுத்தம், வலிப்பு, இதய நோய் மருந்துகளை அன்றே வேறு கடையில் வாங்கித் தொடருங்கள். சந்தேக மருந்தை உறை, பில் ஆகியவற்றோடு தனியே எடுத்துவைத்து, மாவட்ட மருந்து ஆய்வாளரிடமோ சென்னை தேனாம்பேட்டையிலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநரகத்திலோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதனைக்குக் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கை பெறலாம். இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் அரிதாகவே இருப்பது வருத்தத்துக்குரியது. ஒவ்வாமை, பக்கவிளைவு நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். தரமற்றவை என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் தொகுதி எண்களை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. வீட்டில் எடுத்துவைத்த அட்டை முனைகளை அப்பட்டியலோடு ஒத்துப் பார்க்கலாம்.

சிகிச்சை முடிந்தபின் காலி ஊசிக் குப்பியையும் பெட்டியையும் முழுதாகக் குப்பையில் போடாதீர்கள்; தில்லிக் கும்பல் போன்றவர்கள் தேடுவது அத்தகைய காலிக் குப்பிகளைத்தான். பெயர்ச்சீட்டை மையால் அடித்து, பெட்டியைக் கிழித்து, குப்பியை மருத்துவமனைக் கழிவோடு சேர்க்கும்படி கேளுங்கள்.