பெயர்ப்பலகை யாருடையது?

ராமேஸ்வரத்தில் மாமா நடத்தும் சிறிய விடுதிக்கு நான் செய்துகொடுத்த இணையதளம், ஆடி அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு காணாமல் போனது. அறை கேட்டுத் தொலைபேசி ஓயாமல் அடிக்கும் வாரம் அது. தளத்தில் பழுது ஒன்றும் இல்லை. தளத்தின் முகவரிப் பெயரான டொமைனை என் பெயரில் பதிந்திருந்தேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள், நான் திறப்பதையே விட்டுவிட்ட பழைய மின்னஞ்சலில் கிடந்தன. “ஏன் மாப்பிள்ளை, விடுதி என்னுடையது, பெயர்ப்பலகை மட்டும் உன்னுடையதா?” என்றார் மாமா. பதில் சொல்ல வாய் வரவில்லை.

தானாகக் கற்றுக்கொண்டு தளம் கட்டுகிறவர்கள் நிரல் எழுதுவதைவிட இதில்தான் அதிகம் சறுக்குகிறோம். டொமைனும், தளத்தின் கோப்புகள் தங்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்கும் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவர் கைப்பேசி எண்ணில் இருக்க வேண்டும். டாட் காம் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது கேட்கும் கட்டணம் வழக்கமான ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. மாமாவுக்கு அந்த நிலை வரவில்லை, தப்பித்தேன்.

அடுத்தது படம். மிளகாய் வியாபாரி ஒருவருக்காக இணையத்தில் அகப்பட்ட, பளபளவென்ற நீள மிளகாய்ப் படத்தை எடுத்து முகப்பில் வைத்தேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டையாக இருக்கும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்தவர் படத்தை அனுமதியின்றி எடுப்பது பதிப்புரிமைச் சிக்கல். அதைவிட, பார்த்தவர்கள் சிரித்தார்கள். களத்தில் காயும் மிளகாயைக் காலை வெயிலில் கைப்பேசியால் எடுத்தாலே போதும். ஆனால் அந்தப் படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். ஒரு படமே நான்கைந்து எம்பி இருக்கும். சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் அது திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற, இணையத்துக்கான சிறிய பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும்.

நோட்டீஸ் அச்சடித்த கடையிலிருந்து வரும் தமிழ் வரிகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். தளத்தில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். சோம்பல்பட்டு வரிகளைப் படமாக்கி ஒட்டினால் கூகுள் தேடலில் அவை சரியாகச் சிக்காது. வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள். மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யை இடிக்கும். பொத்தானில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று எழுதினால் சிறிய திரையில் பிதுங்கும், ‘அழைக்க’ போதும். தொட்டதும் அழைப்பு போகட்டும். மின்னஞ்சல் படிவம் வைத்தால் கருவாட்டு வியாபாரி அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

விடுதிக்காரர்கள் ஒரு கட்டத்தில், “விருந்தினர் ஆதார் நகலைத் தளத்திலேயே வாங்கிவிடலாமே” என்பார்கள். நான் மறுத்துவிடுகிறேன். ஆவணங்களைப் பூட்டிக் காக்கும் வித்தை எனக்குத் தெரியாது. தெரியாத வேலையை ஒப்புக்கொண்டு, யாரோ ஒருவருடைய அடையாள அட்டையைத் தெருவில் போட எனக்கு மனமில்லை.

பணப் பேச்சில் எனக்கு இன்னும் கூச்சம் உண்டு. “பார்த்துக் கொடுங்கள் அண்ணே” என்று சொல்லி, ஒரே பக்கத்தைப் பதினொரு முறை மாற்றிக்கொடுத்திருக்கிறேன். இப்போது எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், ஆண்டுக் கட்டணம் யார் பொறுப்பு என்று வாட்ஸ்அப்பில் எழுதி, “சரி” என்று பதில் வந்த பிறகே கணினியைத் திறக்கிறேன். மாமாவுக்கும் அப்படித்தான் அனுப்பினேன். ஒரு வாரம் பேசவில்லை, பிறகு “சரி” என்று அனுப்பினார்.